ஒன்றரைக் கோடியில் ஒன்று

அன்னம் என்று சொல்லிவிடாதீர்கள்.
பாலைப் பிரித்த அன்னம் பாலைக் குடித்துவிடும்.
இந்தப் படிகம் எதையும் குடிப்பதில்லை,
பொறுக்கியதை அப்படியே
அடுத்த படிகத்திடம் தள்ளிவிடுகிறது.
தவிரவும், ஹாம்பர்க் நகரத்து அன்னங்களை
நான் பார்த்திருக்கிறேன்.
நவம்பரில் படகில் ஏற்றி
குளிர்காலக் குளத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.
கழுத்தை நீட்டிக்கொண்டு போகின்றன,
ஊறிய ரொட்டிக்கும் சிகரெட் துண்டுக்கும்
வித்தியாசம் தெரியாத முகத்தோடு.

அதே ஊரில், புல்மேட்டுக்கு அடியில்
இரண்டு கிலோமீட்டருக்கும் நீண்ட வளையம்.
எலெக்ட்ரான்கள் திரும்பும் இடமெல்லாம்
எக்ஸ் கதிர் தெறிக்கிறது,
ஈரச் சாலையில் வளைந்து போகும்
சைக்கிள் சக்கரத்துச் சேறு போல.
அதில் எல்லா ஆற்றலும் உண்டு.
ஹைன்கே லோரென்சனுக்கு வேண்டியது
ஒன்றரைக் கோடியில் ஒரு பங்கு.
அதற்கு மேல் மயிரிழை அகலம் கூடினாலும்
இரும்பு பேசுவது கேட்காது.

இரும்பு:
இரண்டு வைரங்களின் முனைக்கு நடுவே
நசுங்கிக் கிடக்கும் ஒரு துகள்.
பூமியின் வயிற்றுக்குள் எப்படி அதிர்வாய்
என்று அதனிடம்தான் கேட்க வேண்டும்.

படிகம்:
சிலிக்கான். நான்கு முகம்.
ரம்பம் பட்ட காயத்தை
அமிலத்தில் கரைத்துக் கரைத்து எடுத்திருக்கிறார்கள்,
அறுபட்ட ஞாபகம்கூட இருக்கக்கூடாது என்று.

துகளை வைத்துக் கதவைச் சாத்திய
வியாழன் இரவே கோடு நகர்ந்தது.

எல்பே ஆற்றில் ஓதம், என்றான் ஓன்னோ.
ஓத அட்டவணையை எடுத்து ஒட்டிப் பார்த்தார்கள்.
பொருந்தவில்லை.
வடகடலில் புயல், என்றான்.
புயல் டென்மார்க் பக்கம் போய்விட்டிருந்தது,
கோடு போகவில்லை.
சனிக்கிழமை பக்கத்து மைதானத்தில் கோல் விழுந்தது.
ஐம்பதாயிரம் பேர் ஒரே சமயத்தில் குதித்தார்கள்.
ஓன்னோ திரையைக் காட்டி எழுந்து நின்றான்,
கோல் போட்டதே தான் என்பதுபோல.
கோடு அப்போது மட்டும் அசையவே இல்லை.
அவன் அணி தோற்றது வேறு.

ஒவ்வொரு தடவையும் ஹைன்கே உள்ளே போனாள்.
பெட்டியின் மூடியைத் தொட்டு,
திருகுகளைப் பார்த்து, குனிந்து, மூச்சுவிட்டு,
ஒன்றும் இல்லை என்று வெளியே வந்தாள்.

ஞாயிறு விடிகாலை மூன்று மணிக்கு
கதவு திறந்த நேரங்களையும் வெப்பக் கோட்டையும்
ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தவள்
சிரித்துவிட்டாள்.

அவள்தான்.
முப்பத்தேழு டிகிரியில் நடமாடும் அடுப்பு.
உள்ளே போன நாற்பதாவது நிமிடம்
படிகத்தில் டிகிரியின் நூறில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது.
இறங்க ஆறு மணி நேரம்.
இறங்குவதற்குள் மறுபடியும்
என்ன ஆச்சு என்று பார்க்கப் போயிருக்கிறாள்.
காய்ச்சல்காரனை உலுக்கி உலுக்கி
தூங்கினாயா என்று கேட்பதுபோல.

சும்மா இரு என்பது சுலபம்.
பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள்
ஈயக் கதவுக்கு வெளியே, இரண்டு பேரும்.
அவள் நாற்காலி கிறீச்சிட்டால்கூட
ஓன்னோ முறைத்தான்.
காபி ஆறியது. அது ஆறியதைப் பற்றி
யாரும் கவலைப்படவில்லை.

ஒன்பது மணிக்குக் கோடு நின்றது.
இரும்பு, வாங்கிய ஒளியை
நூற்று நாற்பது நானோநொடி வைத்திருந்து
திருப்பித் தரத் தொடங்கியது.
நொடிக்கு இரண்டு.
சில நொடிகளில் மூன்று.
ஒரு நொடியில் ஒன்றும் இல்லை,
இருவரும் மூச்சைப் பிடித்தார்கள்.
அப்புறம் இரண்டு.

ஓன்னோ குறிப்பேட்டில் எழுதினான்:
வியாழன் வரை இந்தக் கதவைத் தொடுபவன்
எனக்கு ஜென்ம விரோதி.

பிறகுதான் அவள் தேடினாள், இடது கையுறையை.
கேமராவில் தெரிந்தது:
படிகப் பெட்டிக்குப் பக்கத்து மேடையில்
ஐந்து விரலும் மேலே பார்த்தபடி,
அவள் சூடெல்லாம் போய்
அறையோடு அறையாய்.

வெளியே மைனஸ் இரண்டு.
ஒரு கையைக் கோட்டுப் பைக்குள் புதைத்துக்கொண்டு
ஆல்டோனா போகும் பஸ்ஸுக்கு நின்றாள்.
வியாழனுக்கு இன்னும் நான்கு நாள்.
பஸ் எட்டு நிமிடம் தாமதம் என்றது பலகை.